பக்கம் அறுபத்தொன்று

குன்னூர் மவுண்ட் ரோட்டில், பேக்கரிக்கு மேல் என் கடை.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
வாடகை ஒப்பந்தம், ஞானஸ்நானப் பத்திரிகை,
பசுந்தேயிலைக்கு விலை கேட்டுக் கலெக்டருக்கு மனு.
ஏ.வி.எம். ஞானாபரணம் என்று அவர் அட்டையை நீட்டியபோது
சினிமா கம்பெனி ஆள் என்றுதான் நினைத்தேன்.
ஏர் வைஸ் மார்ஷல். ஓய்வு.
பிறந்தது நாசரேத். முதுகு மட்டும்
இன்னும் ஓய்வு பெறவில்லை.

நாற்பது பிரதி போதும் என்றார்.
பேரன்கள் கனடாவில், படிக்கமாட்டார்கள்,
அலமாரியில் இருக்கட்டும்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.
ஜோர்ஹாட், ஆக்ரா, சண்டிகர்.
ஒவ்வொரு ஊரையும் என் கம்ப்யூட்டர்
சிவப்புக் கோடிட்டுச் சந்தேகப்பட்டது.
"குண்டு போட்டிருக்கீங்களா சார்?"
"மூட்டை போட்டிருக்கேன்."
சரக்கு விமானம். முப்பத்தைந்து வருஷம்.
அரிசி, மண்ணெண்ணெய், கம்பளி, தபால்,
ஒருமுறை பாராசூட் கட்டி உயிரோடு ஆடுகள்
(இறங்கியதும் ஒன்று பனியில் மேயப் பார்த்ததாம்).
மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்று ஏழு மணி, நாற்பது நிமிடம்.
அந்த நாற்பதை விட்டு அடித்த அன்று
வாங்கி வைத்த காப்பியைக் குடிக்காமலே போனார்.

கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்தும்.
"எத்தனை நிமிஷம் தாங்கும்?"
"பன்னிரண்டு, சார்."
"அப்ப ஏழுல இறங்கிரணும்."
சேமித்து அணைப்பேன்.
இருட்டில், கீழிருந்து ஏறிவரும் வர்க்கி வாசனைக்குள்
இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு டிசம்பர்.
பத்தொன்பதாயிரம் அடியில் ஒரு முகாம். பதினோரு பேர்.
இவர் இறக்கிய பதினாறு மூட்டையும்
காற்றில் நழுவி, முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தன.
உருளைக்கிழங்கு.
நம்ம கேத்தி உருளையாகவும் இருந்திருக்கலாம் என்றார்.
அப்புறம் ஒன்பது நாள் மேகம்.
தினமும் கிளம்பினார். முகாமுக்கு மேலே சுற்றினார்.
வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாமல்
மூட்டையோடு திரும்பினார்.
நடந்து இறங்கி வந்தவர்கள் எட்டுப் பேர்.
அதில் ஒரு சமையல்காரர் ஏப்ரலில் கார்டு போட்டிருந்தார்:
'மூட்டை வரவில்லை சாகிப். சத்தம் வந்தது.
தினமும் வந்தது.'

அடித்து முடித்ததும், "எடுத்துரும்மா" என்றார்.
எடுத்தேன்.
செவ்வாய்க்கிழமை மறுபடி சொன்னார்,
மூட்டை பதினேழு என்று திருத்தி. எடுத்துரும்மா.
மூன்றாம் முறை, வராத மூவரின் பெயர்களோடு.
நான்காம் முறை பெயர்கள் மட்டும்.
எடுத்துரும்மா.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.
எட்டு வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்து
மண்டபம் முகாமில் அரிசிக்கு வரிசை நின்றவள்.
விரலில் ஒட்டிய கொழுந்துக் கறையைச் சுரண்டிக்கொண்டே
"சத்தமாவது வந்துச்சே" என்றாள்.

புத்தகத்தில் அந்த இடத்தில் இப்போது ஒரு புகைப்படம்.
யாரோ ஒரு மந்திரி கைகுலுக்க,
இவர் எங்கேயோ மேலே பார்க்கிறார்.

தொண்ணூற்றாறு பக்கம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது என்று பில் எழுதினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை கூட்டினார்.
"நாலு பக்கம் விட்டுப்போச்சு."
"அது அழிச்சது, சார்."
"போடாமத் திரும்பினாலும் பறந்தது பறந்ததுதாம்மா.
லாக் புக்ல ஏறும்."
நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள். சில்லறை கேட்கவில்லை.

புத்தகக் கட்டோடு படியிறங்கினார்.
கீழே, பேக்கரி வாசலை அடைத்துக்கொண்டு
ஒரு காட்டெருமை, மழையில் நனைந்த பாறை மாதிரி.
ஆட்டோக்காரர்கள் விரட்டச் சொன்னார்கள்.
அவர் விரட்டவில்லை. பின்வாங்கவும் இல்லை.
குடையை விரித்து, மணி பார்த்துக்கொண்டு,
இறங்க அனுமதி வராத ஒருவர்போல
நின்றுகொண்டே இருந்தார்.
பனிமூட்டம் வந்து முதலில் மாட்டை மறைத்தது.